எவிடெயா தாமசம்?

இந்த மலையாள ஊரில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது பெயரை அல்ல. "எவிடெயா தாமசம்?" என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் பஸ்ஸில் அருகே உட்கார்ந்தவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் சௌக்கியமா என்று விசாரிப்பார். இங்கே நீ எங்கே பிறந்தாய் என்பது யாருக்கும் வேண்டாம். இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பு. தாமதத்துக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தாமசம் என்றால் தாமதம், அவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு முன் நான் பெட்டியோடு, சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் வந்து இறங்கிய அன்று, டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்து இதைத்தான் கேட்டார். காலையிலேயே வந்து சேரும்படி அச்சாபீஸ் முதலாளி எழுதியிருந்தார். நானோ உச்சிவெயிலில் வந்து நிற்கிறேன். இவர் முதலாளியின் ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நாகர்கோயில்லதாங்க தாமசம். டயர் வெடிச்சுப்போச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டி, "நாகர்கோயிலோ? நல்ல ஸ்தலமாணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டயர் வெடித்ததில் என்ன நல்லது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

நான் கம்பாசிட்டர். அச்செழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோக்கிறவன். ஊர் தென்காசிக்குக் கிழக்கே. படித்தது நாலாம் வகுப்பு. சாலையில் தமிழ் வியாபாரிகளுக்குப் பில் புத்தகமும் கல்யாணக் காகிதமும் அடித்துக் கொடுக்கிற அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்து, அதன் மச்சிலேயே படுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து மலையாள எழுத்தும் வாங்கிப் போட்டார்கள். அந்தப் பெட்டியில் தமிழைப்போல இரண்டு பங்கு அறைகள். எந்த எழுத்து எந்த அறையில் கிடக்கிறது என்று கை படித்தது. பிறகு கண் படித்தது. வாய் கடைசிவரை சரியாகப் படிக்கவில்லை. இங்கே சம்சாரம் என்றால் பேச்சு. நம் ஊரில் சம்சாரம் என்றால் மனைவி. இரண்டுமே இல்லாமல் இந்த ஊரில் பதினோரு வருஷம் இருந்துவிட்டேன். கூச்சப்படுகிறவனுக்கு அச்சாபீஸ் தோதான இடம். மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வாத்தியார் வேலை வந்தது. அநாதைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் புதிதாக அச்சு வகுப்பு தொடங்கினார்கள். தமிழ், மலையாளம் இரண்டு எழுத்தும் கோக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டிருந்தார்கள். அவர் என்னை அனுப்பினார். தலைமை ஆசிரியர் நெற்றியில் சந்தனம் வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒரு மலையாளப் பக்கத்தைக் கொடுத்துக் கோக்கச் சொன்னார். கோத்தேன். ஒரு தாள் அடித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழை தேடி இரண்டு தடவை படித்தார்.

"தெற்று ஒந்நுமில்லல்லோ. எத்ராம் கிளாஸ் வரெ படிச்சு?"

"நாலு."

"நாலோ! அப்போள் மலையாளம் ஆரு படிப்பிச்சு?"

"கேஸ்" என்றேன். எழுத்துப் பெட்டியை எங்கள் தொழிலில் கேஸ் என்றுதான் சொல்வோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேஸோ? எந்து கேஸ்? போலீஸ் கேஸோ?"

நான் எழுத்துப் பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வேலை உனக்குத்தான், ஓணம் விடுமுறை கழிந்த திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெயர், வயது, தொழில் பழக்கம் எல்லாம் எழுதினேன். தாமசம் என்று ஒரு கோடு போட்டிருந்தது. 'அச்சாபீஸ் மச்சு' என்று எழுத வெட்கமாக இருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கவனித்தார். வாத்தியார் ஆகிறவருக்கு ஒரு வீடு வேண்டாமா, பிள்ளைகளின் காரியமாக யாராவது தேடி வந்தால் மச்சில் ஏணி போட்டு ஏறுவார்களா என்று கேட்டார். திங்கட்கிழமை வரும்போது அந்தக் கோட்டையும் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லிப் படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வீடு தேடியது ஒரு வாரம். இங்கே வீடுகள் நம் தெருக்களைப்போலத் தோளோடு தோள் ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன்னைச் சுற்றித் தென்னையும் பலாவும் வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி நிற்கும். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குக்குத் தெரியாது. கரமனைப் பக்கம் ஆற்றுக்குப் போகிற வழியில் செம்பருத்தி வேலி போட்ட ஒரு வளவுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. பெரிய வீட்டில் பாருக்குட்டியம்மா என்று ஐம்பது வயதுக்காரி இருந்தாள். சின்ன வீடு வாடகைக்கு. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி ஒத்தய்க்காணோ?"

தமிழ் பேசுகிற ஆண் யாராக இருந்தாலும் இங்கே அண்ணாச்சிதான். "இல்லை, சம்சாரம் வரும்" என்றேன்.

"சம்சாரம் வரட்டே, அது நல்லதா. ஆதியம் ஆளு வரட்டே" என்று சொல்லிச் சிரித்தாள். பேச்சு வரட்டும், முதலில் ஆள் வரட்டும் என்கிறாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அதனாலேயே என்னைக் கேலி செய்வாள். சிரித்து முடித்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, தனியாக இருக்கிற ஆணுக்கு வீடு கொடுக்க மாட்டேன், வயசு வந்த பெண் வீட்டில் இருக்கிறாள், பாரியாள் வந்தால் மட்டும் தாமசிக்கலாம், இல்லையென்றால் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். சம்மதித்துச் சாவியை வாங்கிக்கொண்டேன். சம்மதித்தது வாய்தான். என் மனைவி பிச்சம்மாள் வருவாளா என்பது எனக்கே தெரியாது.

அதைச் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தந்தி வந்தது. எங்கள் மகள் கோமுவுக்குக் காய்ச்சல் கடுமை என்று இருந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரே பிள்ளை. அன்று ஒரு கோயில் உற்சவ நோட்டீஸ் பாதி கோத்துக் கிடந்தது. மறுநாள் விநியோகம் செய்ய வேண்டியது. முதலாளி என்னைத் தடுக்கவில்லை. போகிறதானால் போ என்றுதான் சொன்னார். ஆனால் வேறு கை இல்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றவன் நான்தான். பொழுது சாய்ந்தது. கடைசி வண்டி போய்விட்டது. சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவியும் விட்டிருந்தார்கள். பிச்சம்மாள் அழவில்லை. என்னைப் பார்த்து, "எங்க தாமசம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான், "அச்சாபீசுல" என்றேன். பிறகு அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று முதல் எனக்குள் எதுவும் சரியாகப் பதிவதில்லை. நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். தேய்ந்த எழுத்தில் எவ்வளவு மை தடவினாலும் தாளில் வெளிறித்தான் விழும். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போவேன். அவள் சோறு போடுவாள். அவளுடைய அண்ணன், என் மைத்துனர், மழை பெய்ததா என்று கேட்பார். திரும்பி வருவேன். என்னோடு வா என்று நான் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டு, அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பிறகு ஊருக்குப் போவதற்கும் முகம் இருக்காது.

இந்தத் தடவை கூப்பிட வேண்டியதாயிற்று. கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எழுதிவிட்டுக் கடைசியில், "வருவதானால் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வந்து சேரும்படி புறப்படவும். நான் தம்பானூர் ஸ்டேஷனில் நிற்பேன். வர இஷ்டமில்லையானால் ஒரு கார்டு போடச் சொல்லவும்" என்று முடித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மைத்துனர் வாசித்துக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை வீடு மாறத் தொடங்கினேன். பதினோரு வருஷம் ஒருவன் ஓர் இடத்தில் இருந்தால் நிறைய சாமான் சேரும் என்று நினைப்பீர்கள். எனக்குச் சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி, பாய், இரண்டு பாத்திரம், ஒரு ஸ்டவ், பிழையாக அடித்து ஒதுக்கிய காகிதக் கட்டு. அந்தக் காகிதக் கட்டு எனக்கு வாசிப்பதற்கு. நான் படித்த புத்தகமெல்லாம் அப்படி ஒதுக்கிய தாள்கள்தான். எந்தக் கதைக்கும் எனக்கு முடிவு தெரியாது. எல்லாவற்றையும் கூலி வண்டி வைக்காமல் இரண்டு நடையில் நானே கொண்டுபோனேன். ஓணம் முடிந்திருந்தது. வழியில் வீட்டு முற்றங்களில் போட்ட பூக்களம் வாடிக் கறுத்துக் கிடந்தது. தும்பைப்பூ மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது.

காலி வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பாடம் சொல்லிப் பார்த்தேன். முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். முதல் வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். 'இது கேஸ். இதிலாணு அக்ஷரங்ஙள் கிடக்குந்நது.' தலைமை ஆசிரியர் போலீஸ் கேஸ் என்று நினைத்தது ஞாபகம் வந்து, கேஸை அடித்துவிட்டு 'அக்ஷரப்பெட்டி' என்று மாற்றினேன். எழுதுவது எளிதாக இருந்தது. சொல்லும்போது முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அந்தக் குரல் யாரோ வேறு ஆளுடையதுபோல இருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து பாருக்குட்டியம்மா, "ஆரோடா சம்சாரிக்குந்நது? பார்யா வந்நோ?" என்று கூவினாள்.

"இல்லை. பாடம்."

"பாடமோ! சுவரினோ?" உள்ளே யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "சரி சாறே, படிப்பிச்சோ, படிப்பிச்சோ. சுவரு பாஸாகும்."

அண்ணாச்சி போய் சார் ஆகிவிட்டேன். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

சனிக்கிழமை பகலில் கார்டு வந்தது. அச்சாபீஸ் விலாசத்துக்குத்தான் வந்தது. கார்டு என்றாலே விஷயம் தெரிந்துவிட்டது. வராவிட்டால்தானே கார்டு போடச் சொன்னேன். இருந்தாலும் வாசித்தேன். மைத்துனரின் கையெழுத்து.

'உங்கள் கடிதம் கிடைத்தது. உத்தியோகம் அறிந்து சந்தோஷம். பிச்சம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். இனி தாமசம் வேண்டாம் என்று சொல்கிறாள். இத்தனை வருஷத் தாமசமே போதும் என்கிறாள். மற்றவை நேரில்.'

அங்கே குடியிருந்தது போதும், இனி குடியிருக்க வேண்டாம், ஊருக்கு வந்துவிடு, மற்றதை நேரில் பேசலாம் என்கிறாள். அப்படித்தான் வாசித்தேன். எதிர்பார்த்த செய்தியை யாரும் இரண்டாம் தடவை வாசிப்பதில்லை. புரூஃப் திருத்துகிறவர்கள் தப்பு விடுவதும் இப்படித்தான். கண் எழுத்தைப் பார்க்கும், மனசு தான் முன்பே வைத்திருக்கும் சொல்லை வாசித்துவிடும். கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு கல்யாணக் காகிதத்தைக் கோத்து முடித்தேன். ஒரு பிழைகூட இல்லை என்று முதலாளி சொன்னார். வருத்தம் என்று ஒன்றும் தெரியவில்லை. கை மரத்துப் போனால் கிள்ளினாலும் யாருடைய கையோபோல இருக்குமே, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரமனைக்குப் போய்ச் சாமான்களைத் திரும்பக் கட்டினேன். முந்தாநாள் அவிழ்த்த அதே கயிறு. பாருக்குட்டியம்மா வேலியோரம் வந்து நின்று பார்த்தாள். சாவியை நீட்டினேன்.

"இதெந்தா சாறே?"

"பாரியாள் வரலை."

"இந்நு வருமெந்நு பறஞ்ஞில்லே?"

"கார்டு வந்துட்டு. தாமசிக்க இஷ்டம் இல்லையாம்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "ஞான் பறஞ்ஞது காரணமாணோ?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் சொன்னதனால் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு வருத்தமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துத்தான், இது வருத்தப்பட வேண்டிய காரியம் என்று எனக்குத் தெரிந்தது.

மற்றதை அடுத்த நடைக்கு வைத்துவிட்டு, பாயைத் தோளிலும் பெட்டியைத் தலையிலுமாக வைத்துக்கொண்டு சாலைக்கு நடந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் வேலை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதை வழியெல்லாம் மலையாளத்தில் கோத்துக்கொண்டே வந்தேன். படிவமும் பெட்டிக்குள் இருந்தது. தாமசம் என்ற கோடு அப்படியே கிடந்தது. அச்சாபீசுக்கு எதிரே உள்ள காப்பி கிளப்பில் மாடசாமி வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர். அங்கே சரக்கு மாஸ்டர். லட்டும் மிக்சரும் அவர் கைதான். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"என்ன அண்ணாச்சி, போன பொட்டி திரும்பி வருது? வீட்டுல பேய் கீய் இருக்கா?"

"வீடு வேண்டாம்னு குடுத்துட்டேன்."

"ஏன்? மதினி இன்னிக்கு வாராவன்னுல்ல சொன்னிய?"

கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான சொல்லுதாவ. வண்டி எத்தனை மணிக்கு?"

"எந்த வண்டி?"

"மதினி வார வண்டி வே."

"வரமாட்டேன்னுல்ல எழுதியிருக்கு."

"எங்க எழுதியிருக்கு? காட்டும். எந்த வரியில எழுதியிருக்கு?"

நான் விரலை வைத்தேன். இனி தாமசம் வேண்டாம்.

"ஆமா. இனிமே தாமசம் பண்ணாண்டாம், பொறப்பட்டு வாரேங்காவ. இம்புட்டு வருசம் தாமசம் பண்ணுனது போதும்ங்காவ. மத்தத நேர்ல வந்து பேசிக்கிடுதேங்காவ. நீரு தாமசம்னா என்னன்னு நெனச்சீரு?"

"குடியிருக்கது."

மாடசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுத்த மலையாளத்தானா ஆயிட்டீரு வே! சொந்தப் பொண்டாட்டி தமிழ்ல எழுதுனா மலையாளத்துல படிக்கீரு!" பிறகு கிளப்புக்குள் எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "பன்னெண்டே கால். வண்டி எப்பம்?"

"பத்தரை."

"பொட்டிய இங்க போடும். ஓடும்."

ஓடினேன். நான் ஓடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சாலையிலிருந்து தம்பானூர் தூரமில்லை, ஆனால் அன்று கடைத்தெரு முழுக்க வண்டியும் ஆளுமாக இருந்தது. ஓடும்போது எனக்கு நினைவிருந்தது ஒன்றுதான். தந்தி வந்த வெள்ளிக்கிழமை நான் ஓடவில்லை.

ஸ்டேஷன் புதிதாகக் கட்டிய கல் கட்டடம். வண்டி வந்து போய்க் கூட்டமெல்லாம் கலைந்திருந்தது. பிச்சம்மாள் ஒரு தூணோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சுளகு. அரிசி புடைக்க இங்கே சுளகு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ரயிலில் மலையைக் குடைந்த குகைவழி, கொல்லம், கழக்கூட்டம் எல்லாம் தாண்டி அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். தலையில் கரிப்பொடி படிந்திருந்தது. நான் முன்னால் போய் நின்று மூச்சு வாங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"தாமசமாயிட்டு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இங்க எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு."

"என்ன தெரிஞ்சிருக்கு?"

"நீங்க தாமசமாத்தான் வருவியன்னு. பொட்டி தூக்குதவன் வந்து எங்க தாமசம்ங்கான். டிக்கெட்டு வாங்குதவரு வந்து எங்க தாமசம்ங்காரு. ஒரு பொம்பள, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து, அக்கா எங்க தாமசம்ங்கா. ஊரு பூரா சொல்லி வச்சிருக்கியளா?"

"நீ என்ன சொன்ன?"

அவள் சுளகின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "என்னத்தச் சொல்ல. அச்சாபீசுலதான் தாமசம்னேன். எனக்குத் தெரிஞ்சது அதான. உடனே, ஓ சாலையில, சாலையிலன்னு எல்லாரும் ஒரே பக்கமா கையக் காட்டுதாவ. எல்லாத்துக்கும் தெரிஞ்சுதான இருக்கு."

அவர்கள் கேட்டது வேறு. அவள் சொன்னது வேறு. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பதில் சரியான பதில்தான். நான் குடியிருந்ததும் அங்கேதான், தாமதித்ததும் அங்கேதான். இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், நான் ஏன் பத்தரை மணிக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் வர மாட்டாள் என்று முன்பே முடிவு கட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு, "சாமான் மாத்திக்கிட்டிருந்தேன்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

"சாமான்" என்றாள். பிறகு எழுந்து, "ஊருக்குத் திரும்புத வண்டி நாலரைக்காம், அது வரைக்கும் இருந்து பாப்போம்னு நெனச்சேன்" என்றாள்.

"பெறகு?"

"பெறகு என்ன? அச்சாபீஸத் தேடி வருவேன். கையத்தான் காட்டியிருக்காவல்லா."

அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே ஏதோ லேசாகப் பதிந்தது. மை கொஞ்சம் பிடித்ததுபோல. அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அவள் சுளகை எடுத்துக்கொண்டாள்.

கரமனைக்குப் போனபோது பாருக்குட்டியம்மா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் பின்னால் சுளகோடு வந்த பிச்சம்மாளைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து, என் கையில் தராமல் பிச்சம்மாளின் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் மூடினாள். "அப்போள் இதாணு ஆளு" என்றாள். பிச்சம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆள் இதுதான்னு சொல்லுதாவ" என்றேன். அன்று மாலை மாடசாமி என் பெட்டியையும் பாயையும் ஒரு பொட்டலம் லட்டையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, பிச்சம்மாளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து, "மலையாளத்தான்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

திங்கட்கிழமை காலையில் படிவத்தைத் தரையில் விரித்து, தாமசம் என்ற கோட்டில் இந்த வீட்டின் பெயரை எழுதினேன். பிச்சம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். விலாசம் என்றேன். மை காய ஊதினேன். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். முதல் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டினேன். அது அங்கேயே இருந்தது.

ஊரில் இருக்கிற நீங்கள், அவன் சமஸ்தானத்தில் உத்தியோகமும் வீடும் குடும்பமுமாகச் சௌக்கியமாக இருக்கிறான் என்று பேசிக்கொள்வீர்கள். என்னைப்போல இங்கே வந்து கிடக்கிறவர்களுக்கு, சௌக்கியம் என்ற சொல்லையும் எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்று ஒரு நிமிஷம் கை நின்றுதான் போகும். அதனால் அன்று காலை நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

நான் வாசல் நடையில் இறங்கி நின்றேன். பிச்சம்மாள் எனக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே செம்பருத்தி வேலிக்கு மேலே பாருக்குட்டியம்மாவின் தலை தெரிந்தது. புது வீட்டில் முதல் நாள் எப்படி இருந்தது என்று விசாரிக்க வந்தவள், என்னை விட்டுவிட்டுப் பிச்சம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"தாமசமொக்கெ எங்ஙனெ? சுகமாணோ?"

பிச்சம்மாளுக்கு முதல் சொல் மட்டும் புரிந்தது. ஒரு நாளும் சிரிக்காதவள் கொஞ்சம் சிரித்தாள். "தாமசந்தான்" என்றாள். "என்னத்தச் செய்ய? எப்படியும் வந்துட்டாவல்லா."

பாருக்குட்டியம்மா மனசு நிறைந்து தலையை ஆட்டினாள். "அது மதி. அது மதி" என்றாள். இங்கே மதி என்றால் போதும்.

"என்ன சொல்லுதாவ?" என்று பிச்சம்மாள் கேட்டாள்.

"பாவம், எந்தா சோதிக்குந்நது?" என்று, அவள் என்ன கேட்கிறாள் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து பாருக்குட்டியம்மா என்னிடம் கேட்டாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு நடைக்கும் வேலிக்கும் நடுவில் நின்றேன். இரண்டும் எனக்குப் புரிந்தது. இரண்டையும் நான் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தாமசமாகிக்கொண்டிருந்தது.